அமைதி ஊர்வலம்

ஓரம் தைத்திருந்தது. மற்ற எல்லாவற்றையும் நாச்சிமுத்து விழுங்கியிருப்பார், இந்த ஒன்று மட்டும் தொண்டையில் இறங்க மாட்டேன் என்றது. கறுப்புத் துணி, முழத்துக்குக் கொஞ்சம் கூடுதல் நீளம், இரண்டு பக்கமும் ஓரம் மடித்துத் தையல் ஓட்டி, பிடரியில் முடிச்சுப் போடத் தோதாக முனைகளைக் குறுக்கி வைத்திருந்தது. நின்ற இடத்தில் தோன்றிய யோசனை என்றால் துணியைப் பல்லால் கடித்துக் கிழித்துக் கொடுத்திருப்பார்கள், பிசிறு மூக்கில் ஏறித் தும்மல் வந்திருக்கும். இது தையல் கடைக்குப் போய், அளவு சொல்லி, நாள் குறித்து, வாங்கி வந்து இஸ்திரி போட்டு அடுக்கிய துணி. வாழ்நாள் பூராவும் தெருவில் நின்றவனுக்கு எது தானாக எழுந்தது, எது ஏற்பாடு செய்தது என்று கண்டுபிடிக்க உளவுத்துறை வேண்டியதில்லை, ஓரத்தை விரலால் தடவினால் போதும். அது இப்போது வாயின் மேல் இறுகிக் கிடந்தது. விட்ட மூச்சு சூடாகித் திரும்பி வந்தது. புதுத்துணியின் கஞ்சி வாடை. மில்லில் நூல் ஓட்டியே நரைத்தவருக்கு அந்த வாடை புதிதில்லை, ஆனால் அதை நாக்கில் சுவைத்தது இன்றைக்குத்தான். நடந்துகொண்டிருந்தார். எல்லோரும் நடந்துகொண்டிருந்தார்கள், வாயைக் கட்டிக்கொண்டு, ‘போர் வேண்டாம்’ என்ற அட்டைகளைத் தூக்கிக்கொண்டு, செருப்புச் சத்தம் மட்டும் கேட்க. முன்னால் எட்டிப் பிடிக்கும் தூரத்தில் சென்னியப்பனின் பிடரி. அமைதிக் குழுவின் செயலாளர் பிடரி. போலீஸ் வேனில் முன் பலகையில் உட்கார்ந்த பிடரி, மத்திய சிறையில் சாப்பாட்டு வரிசையில் தனக்கு முன்னால் நின்ற பிடரி. அதில் மிளகு அளவுக்கு ஒரு மச்சம் உண்டு. கூட்டத்தில் ஆளைத் தேட வேண்டியிருந்தால் நாச்சிமுத்து அந்த மச்சத்தைத்தான் தேடுவார். இன்றைக்கு முடிச்சு அதை மறைத்திருந்தது.

மார்க்கெட் வாசலில் கூட்டத்தைச் சிரிக்க வைத்தாரே, அந்தச் சிரிப்புத்தான் இப்போது முதுகுக்குப் பின்னால் நடந்து வருகிறது. ஊர்வலம் புறப்படும் நேரத்துக்கு எஸ்.ஐ. வந்தார், மீசை முளைத்துச் சில வருஷமே ஆன பையன், மரியாதையாகத்தான் பேசினார். கோஷம் எதுவும் கூடாது, அமைதி ஊர்வலம் என்றுதானே அனுமதி, அமைதி என்றால் அமைதியாகப் போக வேண்டும் என்றார். நாச்சிமுத்துவுக்குக் கரும்பு தின்னக் கூலி கிடைத்த மாதிரி இருந்தது. "தம்பி, அமைதி வேறெ, மௌனம் வேறெ. மௌனம் சுடுகாட்டுலெ கெடைக்கும், அதுக்குப் பர்மிசன் வேண்டியதில்லெ. நாங்க கேக்கறது போர் இல்லாத அமைதிங்க. அதைச் சத்தம் போட்டுத்தான் கேக்கோணும்." கூட்டம் சிரித்தது. கூட வந்த கான்ஸ்டபிள் கூட வாயைப் பொத்திக்கொண்டார். காக்கிச் சட்டை போட்ட அதிகாரத்துக்கு ஒரு தமிழ்ச் சொல்லின் அர்த்தம் தெரியவில்லை, துண்டறிக்கை படித்துத் தமிழ் கற்ற மில்காரன் சொல்லிக் கொடுக்கிறான், இதைவிட ஒரு மனிதனுக்கு என்ன வேண்டும். அந்தப் பெருமையோடு சென்னியப்பன் பக்கம் திரும்பினார், வழக்கம்போல அடுத்த குத்தை அவன் குத்துவான் என்று. சென்னியப்பன் சிரிக்கவில்லை. குனிந்து ஒரு துணி மூட்டையை அவிழ்த்துக்கொண்டிருந்தான். தலையைத் தூக்காமலே சொன்னான்: "அவரு தப்பாப் புரிஞ்சுக்கலெ நாச்சி. நாந்தான் அப்பிடிக் கேட்டேன்." மூட்டைக்குள் கறுப்பாக அடுக்கி இருந்தது. ஆளுக்கு ஒன்றாக எடுத்துக் கட்டிக்கொண்டார்கள், யாருக்கும் ஆச்சரியமில்லை. அப்படியானால் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. கடைசியாகத் தெரிந்துகொண்டவர், குழு தொடங்கிய நாளிலிருந்து கோஷம் போடுகிறவர். நல்லவேளை, கட்டிக்கொள்ளத் துணியாவது ஒன்று மிச்சம் வைத்திருந்தார்கள்.

ஒரு சொல் இரண்டு பொருளைச் சுமந்துகொண்டு இத்தனை காலம் பக்கத்திலேயே இருந்திருக்கிறது, அவர் ஒரு பக்கத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். குழுவுக்கு முதலில் வைத்த பெயர் போர் எதிர்ப்புக் குழு. அதை மாற்றச் சொன்னது சென்னியப்பன். எதிர்ப்பு என்றால் பெண்கள் வரத் தயங்குவார்கள், வாத்தியார்கள் வரமாட்டார்கள், அமைதிக் குழு என்று வைத்தால் கோயில் பூசாரி கூட வருவார் என்றான். நியாயமாகத்தான் பட்டது. அப்போதே தைக்கத் தொடங்கிவிட்டானோ? இல்லை, அது அநியாயம், அப்போது அவன் மகன் செழியன் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தான், லேத் பட்டறையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. ஆனால் சந்தேகம் ஒருமுறை ஊசியில் நூலைக் கோத்துவிட்டால் பழைய துணியையெல்லாம் எடுத்து மறுபடி தைத்துப் பார்க்கிறது. மில் வாசலில் கதவடைப்பின்போது போலீஸ் அடித்தபோது சென்னியப்பன் தனக்கு முன்னால் வந்து நின்று மண்டையில் வாங்கினானே, அதற்கும் ஓரம் இருந்ததா? இருக்காது. இரத்தத்துக்கு ஓரம் தைக்க முடியாது. அந்த இரத்தம் தன் சட்டையில்தான் வடிந்தது, மனைவி தாயம்மாள் அதைத் துவைக்க மாட்டேன் என்று சொல்லி அப்படியே மடித்து வைத்தாள். கறையை அல்ல, சிநேகிதத்தை மடித்து வைக்கிறேன் என்றாள். மில்லில் பஞ்சு பிரிக்கிற இடத்தில் வேலை அவளுக்கு, சாயங்காலம் வரும்போது தலை முழுக்க வெள்ளையாக இருக்கும், நரையா பஞ்சா என்று கேலி செய்வார். கடைசியில் கேட்க வேண்டியே வரவில்லை. நரைக்குமுன்பே, நெஞ்சில் அடைத்த அந்தத் தூசியோடு போய்ச் சேர்ந்தாள். வெள்ளை. மறுபடியும் அந்த வெள்ளைக் கைக்குத்தான் புத்தி போகிறது, போகாதே என்றால் கேட்கிறதா.

பத்திரிகையில் வந்த படம் அது. இடிந்த வீட்டுக்குள்ளிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு கை, மணிக்கட்டு வரை வெள்ளை. ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தபோது வீட்டின் மேல் குண்டு விழுந்தது என்று கீழே போட்டிருந்தார்கள். நாட்டின் பெயர் போட்டிருந்தது, அதில் என்ன இருக்கிறது, நாச்சிமுத்து தெருவுக்கு வந்த நாளிலிருந்து நாட்டின் பெயர்தான் மாறிக்கொண்டிருக்கிறது, மாவு பிசைகிறவள் மாறவில்லை. அவருக்குத் தூக்கம் போனது வேறொன்றினால். கையில் இருக்கும் வெள்ளை மாவா, இடிந்த சுவரின் சுண்ணாம்புத் தூசியா? படத்தை வெயிலில் பிடித்துப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார். மாவு என்றால் அவள் அந்த நிமிஷம் வரை உயிரோடு இருந்தாள், அடுத்த வேளையை நினைத்துக்கொண்டிருந்தாள். தூசி என்றால் அந்த வேளையும் சேர்ந்து செத்துவிட்டது. இதில் எது மேல் என்று எந்தத் துண்டறிக்கையும் சொல்லவில்லை. போர் என்பது முதலாளிகளின் வியாபாரம் என்று படித்திருந்தார், சுவரில் ஒட்டிய நோட்டீஸை எழுத்துக் கூட்டி வாசித்த வயதிலேயே படித்தது, அது பொய்யில்லை. ஆனால் வியாபாரம் என்று படித்தபோதெல்லாம் மனசுக்குள் வந்தது தொப்பியும் சுருட்டுமாகக் கார்ட்டூனில் வரும் ஆள்தான். குழுவின் மெகாபோன் பிடி ஒடிந்துபோய் அதைப் பற்றவைக்கச் செழியன் பட்டறைக்குப் போன அன்றைக்கு அந்தத் தொப்பி கழன்று விழுந்தது. மூலையில் வரிசை வரிசையாகக் கடைந்த இரும்பு, சொம்பு போல வயிறு பருத்து, வாய் குறுகி, எண்ணெய் மினுக்கத்தோடு. பம்புக்கா என்று கேட்டார். லேத்தில் நின்ற ஆள் துணியால் கையைத் துடைத்துக்கொண்டே, இல்லீங்க, குண்டுக்குக் கூடுங்க, வெளிநாட்டு ஆர்டருங்க என்றான், பிள்ளைக்குக் கல்யாணம் நிச்சயமான சேதி சொல்கிறவன் போல. மெகாபோனை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டார்.

வந்தது நேரே சென்னியப்பன் வீட்டுக்குத்தான். அவனுக்குத் தெரியாது, தெரிந்தால் தாங்கமாட்டான், பக்குவமாகச் சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் வார்த்தை தேடினார். முட்டாள். கேட்டுவிட்டுச் சென்னியப்பன் வெகுநேரம் பேசவில்லை. பிறகு இவர் கையைப் பிடித்துக்கொண்டான். "நம்ம ஊர்வலம் அந்த வீதி வழியாத்தானெ போவுது. பட்டறை வாசல்லயே நின்னு கேளு நாச்சி. நான் பதில் சொல்றேன்." சொன்னது இதுதான், ஒரு எழுத்து கூடக் குறையவில்லை. பதில் சொல்கிறேன் என்று அவன் சொன்னால் அது விளையாட்டுப் பேச்சில்லை. கோஷம் என்பது பாதிதான் போடுகிறவனுடையது. மீதிப் பாதி கூட்டத்தினுடையது, கூட்டத்துக்கோ முதல் ஆள் வேண்டும். கேள்வி காற்றில் நிற்கும்போது அடுத்த மூச்சில் ஒருவன் எடுத்துக் கொடுத்தால்தான் மற்ற தொண்டைகள் திறக்கும். இல்லாவிட்டால் போட்டவன் நடுத்தெருவில் பைத்தியக்காரன். மில் சங்கையே அமுக்கிய குரல் என்று நாச்சிமுத்துவைச் சொல்வார்கள், மைக் வேண்டாம், மேடை வேண்டாம், அந்தக் குரலுக்கு இந்த ஊரில் ஒரு விலாசம் உண்டு. ஆனால் அந்தக் குரல் ஒருமுறையும் தெருவில் அநாதையாக நின்றதில்லை என்றால் காரணம் சென்னியப்பன். எடுத்துக் கொடுப்பது அவன். கல்யாணத்தில் தாலி எடுத்துக் கொடுப்பது போல என்று கேலியாகச் சொல்வான். அன்றைக்கு இரவெல்லாம் புரண்டு, புதுக் கோஷம் கட்டினார். குண்டு விழுந்தது யாரு வீட்டுலெ? மாவு பிசைஞ்ச வீட்டுலெ. குண்டு செஞ்சது யாரு ஊருலெ? நம்ம ஊருலெ, நம்ம ஊருலெ. அந்த இரண்டாவது பதிலைக் கட்டியபோது மயிர்க்கால் சிலிர்த்தது. இத்தனை வருஷத்தில் எத்தனையோ ஒழிக போட்டாயிற்று, ஒழிய வேண்டியவன் எப்போதும் கடலுக்கு அப்பாலோ டெல்லியிலோ இருந்தான். முதல் தடவையாகக் கோஷம் திரும்பி நின்று போடுகிறவன் முகத்தைப் பார்த்தது. காலையில் முதல் வேலையாகச் சென்னியப்பனிடம்தான் சொல்லிக் காட்டினார். நல்லாருக்கு என்றான். நல்லாருக்கு என்று சொல்லிவிட்டு எழுந்து, சட்டை மாட்டிக்கொண்டு, தையல் கடைக்குப் போயிருக்கிறான்.

பஸ் நிறுத்தத்தைத் தாண்டும்போது ஓர் அம்மாள் கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கும்பிட்டாள். சைக்கிளில் போன ஆள் இறங்கி ஓரமாக நின்றார். நாச்சிமுத்துவுக்கு ஒரு நொடி நெஞ்சு நிமிர்ந்தது, ஜனங்களுக்குப் புரிகிறது, ஜனங்கள் முட்டாள்கள் இல்லை. பிறகுதான் அந்த அம்மாள் பக்கத்தில் வந்து தணிந்த குரலில், "யாருங்க தவறிட்டாங்க?" என்று கேட்டாள். இழவு ஊர்வலம் என்று நினைத்திருக்கிறாள். நினைக்காமல் என்ன செய்வாள், வாயைக் கட்டிக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டு போனால் வேறென்ன. பதில் சொல்லத் துணிக்குள் வாய் அசைந்தது. ஒரு பொம்பளைங்க, மாவு பிசைஞ்சுட்டிருந்தாங்க, பேர் தெரியாதுங்க. துணி உப்பி அமுங்கியது, அவ்வளவுதான். அந்த அம்மாள் பாவம் என்று தலையசைத்துவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டாள். அட்டையில் எழுதியிருப்பதை அவள் படிக்கவில்லை, படிக்கத் தெரியாதவளாக இருக்கலாம், இவரும் ஒருகாலத்தில் அப்படித்தான், அதனால்தானே எழுத்தைவிடத் தொண்டையை நம்பினார். காதுக்கு எழுத்துக் கூட்ட வேண்டியதில்லை. துணியை அவிழ்த்தால் என்ன? கைது செய்வார்களா, செய்யட்டும். பயம் அதுவல்ல. பயம் வேறு. சில மாசமாகக் காலையில் எழுந்ததும் குரல் வர நேரமாகிறது, பழைய பஞ்சுத் தூசி எங்கோ அடியில் உட்கார்ந்திருக்கிறது, இருமி இருமித்தான் திறக்க வேண்டும். அவிழ்த்து, வாயைத் திறந்து, வெறும் காற்று வந்தால்? இருக்கும் மிச்சக் குரலை எங்கே செலவழிப்பது என்று அவருக்குத் தெரியும். ஒரே இடம். அதுவரை துணி இருக்கட்டும். அதுவரை தொண்டைக்கு ஓய்வு என்று வைத்துக்கொள்ளலாம்.

மேம்பாலத்துக்கு அடியில் ஊர்வலம் சிக்னலுக்காக நின்றது. ஊர்வலம் சிக்னலுக்கு நிற்கிறது, அதையும் பார்த்தாயிற்று. சென்னியப்பன் பின்தங்கி அவர் பக்கத்தில் வந்தான். துணியை மூக்குவரை தூக்கிவிட்டுக்கொண்டு, வாகன இரைச்சலுக்குள் பேசினான். பட்டறையில் வேலை பார்க்கிறவர்களின் குடும்பத்தை எண்ணிப் பார் என்றான், அதில் பாதிப் பேர் நம் மில் மூடியபோது தெருவில் நின்றவர்களின் பிள்ளைகள் என்றான். பம்பு ஆர்டர் ஓய்ந்துபோயிற்று, செழியன் விட்டால் பக்கத்துப் பட்டறை எடுத்துக்கொள்ளும், குண்டு ஒன்று கூடக் குறையாது என்றான். எல்லாம் சரிதான். முதலாளி பேசினால் எதிர்த்துப் பேசத் துண்டறிக்கையில் பதில் இருந்தது, தோழன் பேசினால் என்ன பேச வேண்டும் என்று எவனும் அச்சடித்துக் கொடுக்கவில்லை. நாச்சிமுத்து துணியைத் தூக்காமல் அவனையே பார்த்தார். சென்னியப்பனுக்கு அந்தப் பார்வை தாங்கவில்லை. "என்னெப்பா பண்றது. பெத்த மவன் பேரைத் தெருவுலெ நின்னு ஏலம் போடச் சொல்றியா?" பேர் சொல்லவில்லையே, ஊர்தானே சொன்னேன் என்று சொல்ல நினைத்தார். ஊர் என்று சொன்னால் உன் மகன் என்று உனக்கே கேட்கிறது என்றால் கோஷம் சரியாகத்தான் கட்டியிருக்கிறது. அதைச் சொல்லவில்லை. துணிக்கு வெளியே கண்ணை மட்டும் வைத்துக்கொண்டு, எவ்வளவு நாளாகத் தெரியும் என்று ஒரே ஒரு கேள்வி கேட்க நினைத்தார், அதற்கும் துணியைத் தூக்க வேண்டும். கேட்க வேண்டியதில்லை. நான் வந்து சொன்னபோது நீ பேசாமல் இருந்தாயே, அது அதிர்ச்சி இல்லை. அதை நான் அதிர்ச்சி என்று எடுத்துக்கொண்டேன். உன் கையைத் தடவிக் கொடுத்தேன், அழாதே சென்னி, பையனுக்கு எடுத்துச் சொல்லலாம் என்று தேறுதல் வேறு சொன்னேன். நீ தலையாட்டினாய். சிக்னல் விழுந்தது. சென்னியப்பன் துணியை இறக்கிவிட்டுக்கொண்டு தன் இடத்துக்குப் போனான்.

பட்டறை வீதிக்குள் திரும்பியதும் அந்தச் சத்தம் வந்தது. இரும்பை இரும்பு சீவுகிற சத்தம், பல்லுக்குள் போகிற சத்தம். கோஷம் போட்டுக்கொண்டு வந்திருந்தால் அது கேட்டிருக்காது. வாயைக் கட்டிக்கொண்டு வந்ததால் வீதி முழுக்க அதுதான் கேட்டது, இத்தனை பேர் நடந்து வந்து செவிசாய்த்துக் கேட்பது போல. செழியனின் பட்டறைக் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே விளக்கு வெளிச்சத்தில் எண்ணெய் மினுக்கம். ஊர்வலம் வேகம் குறைக்காமல் தாண்டப் பார்த்தது. நாச்சிமுத்து நின்றார். பின்னால் வந்தவர்கள் முட்டிக்கொண்டு நின்றார்கள். முடிச்சை அவிழ்க்கப் பார்த்தார், அவிழவில்லை, முனையை அவ்வளவு தோதாகத் தைக்கச் சொல்லியிருந்தான் பாவி. துணியைக் கழுத்துக்கு இழுத்துவிட்டார். முதலில் வந்தது இருமல். அப்புறம் அடியிலிருந்து, தூசியைக் கிழித்துக்கொண்டு, அது வந்தது. "குண்டு விழுந்தது யாரு வீட்டுலெ?" வீதி முனைவரை போனது. வந்துவிட்டது, குரல் வந்துவிட்டது. பதில் வரவேண்டிய அந்த ஒரு மூச்சு இடைவெளியில் லேத் ஓடியது. யாரும் வாயைத் திறக்கவில்லை. கறுப்புத் துணிகளுக்கு மேலே கண்கள் அவரைப் பார்த்தன, சில தரையைப் பார்த்தன. பரவாயில்லை, முதல் கேள்விக்குக் கூட்டம் தயங்கும், அது வழக்கம்தான். "குண்டு செஞ்சது யாரு ஊருலெ?"

சென்னியப்பன் திரும்பினான். திரும்பின வேகத்தில் முடிச்சு விலகி மச்சம் தெரிந்து மறைந்தது. துணியை மோவாய்க்குக் கீழே இறக்கினான். வாயைத் திறந்தான். நாச்சிமுத்துவுக்கு எல்லாம் மறந்துபோயிற்று, துணி மறந்தது, ஓரம் மறந்தது, உடம்பு பழக்கத்தில் அந்த எதிர்க்குரலுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றது, சொல்லிவிடுவான், சென்னி சொல்லிவிடுவான். சென்னியப்பன் இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, மேடையில் நின்று கூட்டத்தை அடக்குகிற மாதிரி உள்ளங்கைகளைத் தாழ்த்தினான். "அமைதி. அமைதி." சத்தம் போட்டுச் சொல்லவில்லை. ஆனால் அந்தத் தொண்டையிலிருந்து எது வந்தாலும் வாங்கித் திருப்பிச் சொல்லியே பழகிய கூட்டம் அது. யாரோ ஒருவர் துணியை இறக்கிவிட்டு, அமைதி அமைதி என்றார். அடுத்தவர் எடுத்தார். துணிகள் வரிசையாக இறங்கின. வழியெல்லாம் அடைத்துக் கிடந்த தொண்டைகளுக்குச் சொல்ல ஒரு சொல் கிடைத்துவிட்டது, கை முஷ்டிகள் எழுந்தன, அமைதி வேண்டும், அமைதி வேண்டும் என்று அதுவே வளர்ந்தது. கோஷம் கூடாது என்று சொல்லிக் கூடவே வந்த எஸ்.ஐ., அனுமதியில் இருந்த சொல்லையே சொல்கிறார்களே, தடுப்பதா வேண்டாமா என்று விழித்துவிட்டுச் சும்மா நின்றார். பட்டறைக்குள்ளிருந்து கையைத் துடைத்துக்கொண்டு இரண்டு பேர் வாசலுக்கு வந்து வேடிக்கை பார்த்தார்கள், ஒருவன் செல்போனைத் தூக்கிப் படம் பிடித்தான். நாச்சிமுத்து இன்னொரு முறை கேட்டார். குண்டு செஞ்சது யாரு ஊருலெ? அவருக்கே கேட்கவில்லை. மில் சங்கை அமுக்கிய குரல் அந்தச் சொல்லுக்கு அடியில் போய்விட்டது. அதற்கும் அடியில், யாரும் நிறுத்தச் சொல்லாததால், லேத் ஓடிக்கொண்டே இருந்தது. அமைதி, அமைதி. அவருடைய வலது கை தன்னால் எழுந்தது. வாழ்நாள் முழுக்கக் கூட்டம் சொன்னதன் தாளத்துக்கு எழுந்து எழுந்து பழகிய கை, சொல் எந்த அர்த்தத்தில் வருகிறது என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. தோள்வரை எழுந்ததை நாச்சிமுத்து இடது கையால் எட்டிப் பிடித்துக் கீழே இழுத்தார். இழுத்த பிறகும் அது துடித்துக்கொண்டிருந்ததால், விடாமல் பிடித்துக்கொண்டே நின்றார்.